சிங்கத்தின் பின்னங்கால்

என் மகனுடைய கோபம் என் வழியில் வந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மறுத்துப் பேசினால் "பாத்தியா" என்பார். அதனால் மறுப்பதையே விட்டுவிட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் அவன் கை படாத பையன் கிடையாது. கோலி ஆடப் போனாலும் சண்டை, குழாயடிக்குக் குடத்தோடு போனாலும் சண்டை. வீட்டுக்காரருக்குப் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை. அங்கேயே தங்கிக்கொண்டு நினைத்தபோது வருவார். புகார் கேட்பது, பதில் சொல்வது, அடிப்பது, பிறகு சமாதானப்படுத்துவது எல்லாம் என் தலையில்தான் விடியும்.

அதற்காகத்தான் அவனைச் சிலம்பத்தில் சேர்த்தேன். சாயங்காலம் மணிமுத்தாற்று மணலில் ஓர் இளைஞர் பிள்ளைகளுக்குக் கம்பு சுற்றக் கற்றுக்கொடுத்தார். நான் வேலை பார்த்த பீங்கான் கொட்டகையில் சூளைக்கு விறகு தள்ளுகிறவர். ரங்கூனில் வளர்ந்து, பர்மாவிலிருந்து நம் ஆட்களை அனுப்பியபோது அம்மாவோடு கப்பலேறி வந்தவர். மீசைகூடச் சரியாக வளராத அந்தப் பையனைப் போய் எல்லாரும் வாத்தியார் என்றோம். கம்பு சுற்றிக் களைத்தால் என் மகன் வீட்டில் அடங்கிக் கிடப்பான் என்பது என் கணக்கு. வெறுங்கையாலேயே அடிக்கிறவனிடம் கம்பைக் கொடுக்கலாமா என்று தெருவில் கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் கம்பு சுற்றினார்கள்.

கொட்டகையில் எனக்குப் பொம்மை துடைக்கிற வேலை. பிளாஸ்டர் அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையில், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் தடம் தெரியாமல் துடைக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் அதே வேலை செய்தவள் என்னைவிட இளையவள். 'யக்கா, யக்கா' என்று என்னைச் சுற்றி வருவாள். என் மகன் அவளைச் சித்தி என்பான். எங்கள் இருவருக்கும் நடுவில் பஞ்சு நனைக்க ஒரே தண்ணீர்ச் சட்டி. புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது ஒரே மகன். அவனும் என் மகனும் ஒன்றாகத்தான் சிலம்பத்துக்குப் போனார்கள்.

ஒரு நாள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி வாத்தியார் கம்பு ஆட விட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் "போதும்" என்றிருக்கிறார். அவள் மகன் கம்பை இறக்கிவிட்டான். என் மகன் இறக்கவில்லை. கம்பு போய் அவள் மகன் புருவத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். இன்னும் ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் அழவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினாள்.

"யக்கா, இது வரைக்கும் நீ எனக்கு அக்கா. இனிமே அவன் கை எம்புள்ள மேல ஒரு தடவ பட்டாலும் ஸ்டேஷனுக்குப் போவேன். புள்ளைங்கள அடிச்சிக்க வுடற அந்த வாத்தியாரையும் மேனேஜர்கிட்ட சொல்லி வேலய வுட்டே தூக்க வப்பேன். சொல்லிட்டேன்."

மறுநாளிலிருந்து தண்ணீர்ச் சட்டி மட்டும் நடுவில் இருந்தது, பேச்சு இல்லை. நான் பஞ்சை நனைக்கும்வரை அவள் காத்திருப்பாள். அவள் நனைக்கும்வரை நான் காத்திருப்பேன். எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தப் பையனின் புருவத்துக் கட்டைப் பார்த்த பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து மகனை அடித்தேன். அவன் வாங்கிக்கொண்டு முறைத்தான். 'இவன் எங்கே போய் நிற்கப்போகிறான்' என்று அன்று முதல்முறையாகப் பயந்தேன்.

வாத்தியார் அவனைத் துரத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சூளைக்கு விறகு போட்டுவிட்டு வந்து என் பலகைக்கு எதிரே குந்தினார்.

"யக்கா, அடிக்கிறது அவனுக்கு நல்லாவே வருது. நிறுத்தறதுதான் வர்ல. அத கம்ப வச்சி சொல்லிக் குடுக்க முடியாதுங்க."

"வேற எத வச்சி சொல்லிக் குடுப்ப?"

"சிங்கம் கட்டி ஆட வுடலாம்னு பாக்கறேன்."

ரங்கூனில் சீனர் தெருவில் பார்த்தாராம். அங்கே சண்டை பழகுகிற பிள்ளைகள் சிங்க ஆட்டமும் பழகியாக வேண்டுமாம். நமக்குத்தான் புலி வேஷம் இருக்கிறதே, அதைக் கட்டிவிட்டால் ஆகாதா என்று கேட்டேன்.

"புலின்னா ஒத்த ஆளுங்க. அவன் இஷ்டத்துக்குப் பாய்வான். சிங்கத்துக்கு ரெண்டு பேரு வேணும். ஒருத்தன் தலைய மாட்டிக்கினு முன்னால நிப்பான். இன்னொருத்தன் பின்னால குனிஞ்சிக்கினு அவன் இடுப்பு வார புடிச்சிக்கணும். மேல துணி மூடிடும். எதிர்ல இன்னா இருக்குதுன்னு பின்னால இருக்கறவனுக்குத் தெரியாது. முன்னால போற காலுக்குப் பின்னாலதான் அவன் காலு போவணும்."

"எம்புள்ள எதுல?"

"பின்னாலங்க."

"முன்னால?"

வாத்தியார் பக்கத்துப் பலகையைப் பார்த்தார். அவள் கையில் இருந்த பொம்மையைக் கீழே வைத்தாள்.

"தலைக்கு அவன், பின்னங்காலுக்கு எம்புள்ளயா?" என்றேன் நான்.

"அடிச்சவன் கைய எம்புள்ள இடுப்புலயே வக்கச் சொல்றியா?" என்றாள் அவள்.

இருவரும் ஒரே நேரத்தில் பேசியதில், கோடியில் பொம்மை அச்சு செய்துகொண்டிருந்த அச்சுக்காரர் வரைக்கும் திரும்பிப் பார்த்தார். அப்போதைக்கு வாத்தியார் எழுந்து போய்விட்டார். ஆனால் புருவத்தில் கட்டுப் போட்ட அந்தப் பையனுக்குச் சிங்கத்தின் தலை வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான். கடைசியில் அவள் ஒப்புக்கொண்டாள். தினமும் வந்து மணலில் உட்கார்ந்துகொள்வதாகவும், என் மகன் கை தப்பாக ஒரு முறை பட்டாலும் அதோடு எல்லாம் முடிந்தது என்றும் சொன்னாள். சொன்னபடியே வந்தாள். நானும் வந்தேன். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆற்று மணலில் இரண்டு போலீஸ்காரர்களைப் போல உட்கார்ந்திருந்தோம்.

தலைக்குப் பதிலாக, பின்னல் சந்தில் வெளியே தெரிகிற மூங்கில் கூடை ஒன்றைக் கவிழ்த்து, துணிக்குப் பதிலாகப் பழைய போர்வையைப் போட்டுப் பழகினார்கள். முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. முன்னால் இருப்பவன் நின்றால் என் மகன் போய் முட்டுவான். முன்னால் இருப்பவன் குதித்தால் இவன் தரையில் நிற்பான். எதற்கெடுத்தாலும் போர்வைக்குள்ளிருந்து திட்டுவான். ஒவ்வொரு முறை போர்வை குலுங்கும்போதும் அவள் பாதி எழுந்து நிற்பாள்.

வாத்தியார் அவனுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணால் பார்க்காதே, கையால் கேள். வார் இறுகினால் அவன் எழும்பப் போகிறான். தளர்ந்தால் திரும்பப் போகிறான். எதுவுமே புரியாமல் போனால், ஏதோ சரியில்லை என்று கைக்குத் தோன்றினால், வாரை விடாமல் அப்படியே உட்கார்ந்துவிடு. இழுக்காதே, தள்ளாதே, உட்கார். நாளெல்லாம் உட்காரச் சொல்லியே உயிரை வாங்கினார். பிள்ளை மணலில் பொத்துப் பொத்தென்று உட்கார்ந்து எழுந்தான்.

"ஒக்காரக் கத்துக்குடுக்க ஒரு வாத்தியாரா?" என்று நான் கேலி செய்தேன். அவர் சிரித்துக்கொண்டார்.

என் மகனுக்கு அது அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், "பின்னால இருக்கறவன் மூஞ்சி யாருக்குத் தெரியப் போவுது" என்று தட்டைத் தள்ளுவான். ஆனாலும் போனான். கொஞ்ச நாளில் போர்வைக்குள்ளிருந்து வந்த திட்டுகள் குறைந்தன. ஒரு சாயங்காலம் கூடைச் சிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு, படுத்து, புரண்டு எழுந்தது. இரண்டு பேர் இருப்பதே மறந்துபோகிற மாதிரி இருந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் சிரித்துவிட்டாள். நான் பார்ப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆயுத பூஜைக்குக் கொட்டகை முற்றத்தில் சிங்கம் ஆட வேண்டும் என்று ஏற்பாடு ஆனது. முதலாளி வீட்டுக்காரர்களும் வருவதாக இருந்தது. சிங்கத் தலையைச் செய்யும் பொறுப்பை அச்சுக்காரர் ஏற்றுக்கொண்டார். பிளாஸ்டரில் பெரிய அச்சு எடுத்து, அதில் காகிதக் கூழை அப்பிக் காயவைத்து, சணலைச் சாயத்தில் முக்கிப் பிடரி ஒட்டினார். வாயைத் திறந்து மூட உள்ளே ஒரு கயிறு வைத்தார். அழகு என்றால் அவ்வளவு அழகு. ஆனால் பூஜை அன்று காலைவரை தலையை யார் கையிலும் கொடுக்கவில்லை. எங்கள் கொட்டகையில் அது வழக்கம். சாமி பொம்மையோ, சிங்கமோ, எதற்கும் கண்தான் கடைசி. கண் திறக்காத பொம்மையை அந்த மனிதர் வெளியே அனுப்பமாட்டார்.

பூஜை அன்று காலையில் குளித்து, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து அவர் கண் திறந்தார். வெள்ளையும் கறுப்பும் வைத்து, ஓரத்தில் சிவப்பு இழுத்து, எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கிற இரண்டு கண்கள். எல்லாரும் கைதட்டினோம். பிள்ளைகளுக்கும் தலைகால் புரியவில்லை. உள்ளே இருப்பவன் பார்க்க அந்தக் கண்ணில் ஓட்டை இல்லை என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கில் பொம்மை பார்த்தவர்கள் நாங்கள். பொம்மைக்குக் கண் என்றால் வரைவதுதான்.

இன்னொன்றும் அன்று நடந்தது. முற்றத்தின் ஓரத்தில், தரை மட்டத்தில், மண்ணைக் கூழாகக் கரைத்து வைக்கும் தொட்டி ஒன்று இருந்தது. ஆள் ஆழம். தூசி விழாமல் மேலே மூங்கில் பிளாச்சுகள் போட்டு ஈரச் சாக்கு விரித்திருப்போம். முதலாளி வீட்டார் வருகிறார்களே, சாக்கு தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று யாரோ அதன் மேல் புதுப் பாய்களை விரித்துவிட்டார்கள். எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை. தொட்டி எங்கே இருக்கிறது என்று எங்கள் கால்களுக்குத் தெரியும். தூங்கிக்கொண்டே நடந்தாலும் சுற்றித்தான் போவோம்.

இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்து, பொரி கடலை படைத்து, சுவரோரம் சிலம்பக் கம்புகளையும் பொட்டு வைத்துச் சாத்தியிருந்தார்கள். பறை ஒலித்தது. சிங்கம் உள்ளே வந்தது.

வந்த விதமே சரியில்லை. மணலில் துள்ளிய சிங்கம் இங்கே தடவித் தடவி நடந்தது. தலை ஒரு பக்கம் போனது, உடம்பு ஒரு பக்கம் போனது. முன்னங்கால் நின்று நின்று யோசித்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. கூட்டம் அதையும் ஆட்டம் என்றே நினைத்துக் கைதட்டியது. எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே ஏதோ தகராறு. துணி வெட்டி வெட்டி இழுத்தது. முன்னால் இருந்தவன் காலைப் பின்னுக்கு உதைப்பது தெரிந்தது. என் மகன் முழங்காலில்தான் அது பட்டிருக்கும். 'உதை வாங்கினால் சும்மா இருக்கிற பிள்ளையா அவன்? கடவுளே, கையை ஓங்கிவிடாமல் இருக்க வேண்டும்' என்று நினைத்துக்கொண்டேன். எதிர்வரிசையில் அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் பார்வை சிங்கத்தின் முதுகிலேயே இருந்தது.

சிங்கம் பறைச் சத்தத்துக்கு விலகி ஓரமாகப் போனது. ஒரு முறை முன்னால் எட்டு வைத்தது. அந்த நொடியில் பின்பக்கம் தடாலென்று தரையில் உட்கார்ந்தது. தலை முன்னே குப்புறத் தொங்கியது. துணி நடுவில் விறைத்து நின்றது. பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனை இடுப்பைப் பிடித்து இழுத்து மடக்கிவிட்டான் என்றுதான் பார்த்தவர்களுக்கெல்லாம் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கூட்டம் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. ஓடினாள். ஓடுகிற போக்கில் சுவரோரம் சாத்தியிருந்த கம்பு ஒன்றை எடுத்தாள். துணிக்கு மேலே முதுகு மேடாகத் தெரிந்த இடத்தில் ஓங்கிப் போட்டாள்.

"வுடுடா எம்புள்ளய. வுடுடா."

போட்டுக்கொண்டே இருந்தாள். பறை நிற்கவில்லை. துணிக்குள் இருந்தவன் ஒவ்வோர் அடிக்கும் அதிர்ந்தான். எழுந்திருக்கவில்லை. விடவும் இல்லை. நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் கொண்டையைப் பிடித்துவிட்டேன். அன்று எனக்கு இருந்த வெறிக்கு அவளை என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அப்போது மூங்கில் பிளாச்சுகள் முறிகிற சத்தம் கேட்டது. பாய் உள்வாங்கியது. முன்னால் இருந்தவன் வெள்ளைக் கூழுக்குள் மார்பளவு இறங்கினான். சிங்கத் தலை கழன்று கூழின் மேல் மிதந்தது. கண் இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பையன் அதற்கு மேல் இறங்கவில்லை. இடுப்பில் இருந்த வார் அவனைப் பிடித்து நிறுத்தியது. வாரின் மறு முனையில் என் மகன் காலை ஊன்றி, முதுகை முழுக்கச் சாய்த்து, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தான்.

அவள் கையிலிருந்து கம்பு விழுந்தது. நான் கொண்டையை விட்டேன்.

வாத்தியார் பாய்ந்து வந்து குப்புறப் படுத்து, பையனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். மூக்கு வாயெல்லாம் வெள்ளை. இருமி, துப்பி, மூச்சு வாங்கியதும் அவன் சொன்னது: "ஒண்ணுமே தெரியல. அதுக்குக் கண்ணே இல்ல." வாயைத் திறந்தபோது கீழே பாய் மட்டும் தெரிந்ததாம். பாய் விரித்திருக்கிறதே, நல்ல தரைதான் என்று காலை வைத்திருக்கிறான். பயத்தில்தான் பின்னால் உதைத்திருக்கிறான். அச்சுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

என் மகனின் விரல்கள் வாரைப் பிடித்தபடி மரத்துப்போயிருந்தன. "வுட்டுடு, போதும்" என்று வாத்தியார் காதோரம் சொன்ன பிறகுதான் விட்டான்.

"எப்டிடா தெரிஞ்சிது?" என்று அவர் கேட்டார்.

"அவன் வச்ச காலு தரயில நிக்கல" என்றான். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

அன்று வெயில் சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். சட்டையைக் கழற்றி அவனைக் குப்புறப் படுக்கவைத்தேன். முதுகு முழுக்கத் தடித்துக் கன்றியிருந்தது. மஞ்சளைச் சூடுபண்ணிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வீட்டு வாசலுக்குப் போய் ஊர் கேட்கக் கத்த வேண்டும் என்று இருந்தது. என்னென்ன சொல்ல வேண்டும் என்றுகூட மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

தலையைத் திருப்பாமலே மகன் கேட்டான்.

"எம்மா, நீ அடிச்சா நான் வுட்டுடுவேன்னு நெனச்சியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. துணிக்குள் குனிந்து கிடந்தவனுக்கு அடித்தது யார் என்று தெரியாது. பறைச் சத்தத்தில் குரலும் கேட்டிருக்காது. அவனை எப்போதும் அடிப்பவள் நான். அம்மாதான் அடிக்கிறாள், எதற்கென்றே தெரியாமல் அடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே பிடித்திருக்கிறான்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாசலில் நின்றாள். பூஜைக்குக் கட்டிய புடவையெல்லாம் வெள்ளை மண் காய்ந்து திட்டுத் திட்டாக இருந்தது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அவன் கேட்டது அவள் காதிலும் விழுந்திருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

'நானா அடித்தேன், அதோ நிற்கிறாளே, அவளைக் கேள்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அடுத்த நாளே அவன் கை அந்தப் பையன் மேல் பாய்ந்திருக்கும். அவனும் என்னைப் போலத்தானே. என் ஆயுசில் நான் விழுங்கிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஆமாண்டா, நாந்தான் அடிச்சேன்" என்றேன். "நீதான் வுடலியே."

பிறகு அவளைப் பார்த்து, "வாசல்லயே ஏன் நிக்கிற? வந்து ஒக்காரு" என்றேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி மஞ்சளைத் தொட்டு அவன் முதுகில் தடவ ஆரம்பித்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கை மாறியது என் மகனுக்குத் தெரிந்துவிட்டது.

"மெதுவா, சித்தி" என்றான்.